ஆறு வரிசை ஈரக்கல்

சிலுவைத் திருநாளுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

மக்தலேனா மண்மலையின் நூற்றெழுபது படிகளையும் ஏறி உச்சிக்கு வந்தாள். பனிக்காக மூடிய பாய்களைச் சுருட்ட வேண்டும். மூன்றைச் சுருட்டினாள். நான்காவதைத் தூக்கியபோது, வடக்குப் பக்கத்தின் கடைசி இரண்டு வளைவுக்கற்களுக்கு நடுவே சாந்தில் ஒரு கோடு தெரிந்தது. முடி அளவுதான்.

நேற்று அது இல்லை.

மேலாடையில் குத்தியிருந்த கற்றாழை முள்ளை எடுத்தாள். நாரை அறுக்காமல் மடலிலிருந்து உரித்த முள். அந்த ஊர்ப்பக்கத்தில் அதுதான் ஊசி, அதுதான் நூல். நுனியைக் கோட்டில் வைத்து அழுத்தினாள். நகக்கண் அளவு உள்ளே போனது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கீழே பள்ளம் கிடந்தது. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் இருபத்தைந்து வளைவு, அந்தப் பக்கம் இருபத்தைந்து; சில இன்னும் வெறும் தூண்களாகவே நின்றன. நடுவில் இது ஒன்று, எல்லாவற்றிலும் பெரியது. இருபது ஆள் உயரம். வடக்கு மலையின் ஊற்றிலிருந்து தண்ணீர் மூன்று நாள் நடைத் தூரம் வரவேண்டும், தானாக, யாரும் தள்ளாமல். ஆயிரம் அடிக்கு ஒரு சாண் வாட்டம். கூடினால் ஓடிவந்து கால்வாயை அரிக்கும். குறைந்தால் வழியிலேயே தூங்கிவிடும். ஒன்பது வருடமாக அந்த ஒரு சாணைத் தவறவிடாமல் குன்றுகளைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பள்ளத்தை மட்டும் சுற்ற முடியவில்லை. தாண்டித்தான் ஆகவேண்டும்.

நடு வளைவைப் பார்க்க மெக்சிகோ நகரத்திலிருந்து ஒரு ஸ்பானியத் தச்சர் வந்தார். வளைவின் நடு உச்சியில் கடைசியாக வைக்கும் பூட்டுக்கல் ஏறும்வரை கற்களைத் தாங்கச் சாரம் வேண்டும், அதற்குத் தொள்ளாயிரம் உத்தரம் வேண்டும் என்றார். பிறகு சுற்றிலும் பார்த்தார். கள்ளியும் கற்றாழையும் நின்றன. அன்று மதியமே கோவேறு கழுதையில் ஏறிப் போய்விட்டார்.

மரம் இல்லாவிட்டால் என்ன, பள்ளத்தையே மண்கல்லால் அடைத்துவிடலாம் என்று சொன்னது மக்தலேனாவின் ஊர்க்காரர்கள். அவர்கள் ஊரான ஷாமிகோவில் எல்லோருக்கும் அதுதான் தொழில். களிமண்ணில் வைக்கோல் சேர்த்து மிதித்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைக்கிற கல். சூளை கிடையாது. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் அடியிலிருந்து உச்சிவரை அதை அடுக்குவது. உச்சியை வளைவாகச் செதுக்கி, அந்த முதுகின் மேல் கருங்கல்லை ஏற்றுவது. வளைவு பூட்டிக்கொண்டதும் மண்ணைக் கலைத்து எடுத்துவிடுவது. ஒரு மலையைக் கட்டி, அதன் மேல் வளைவைக் கட்டி, பிறகு மலையை இல்லாமல் ஆக்குவது.

இந்த வேலையை நடத்துகிற மடத்துச் சாமியார் அந்திரேஸ் அதைக் கேட்டுச் சிரித்தார். ஓரத்தில் ஒரு சின்ன வளைவை அப்படியே கட்டிக் காட்டினார்கள். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை.

இந்த மலைக்கு ஒன்றரை லட்சம் கல். மூன்று வருடம். ஒவ்வொரு கல்லும் நாற்பது நாள் வெயிலில் காய வேண்டும். காயாத கல் மேலே போகக் கூடாது. ஷாமிகோவில் அதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

தவக்காலத்தில் ஊரில் தட்டம்மை கண்டது. அறுபது பேர் படுத்தார்கள். பதினாலு பேர் எழுந்திருக்கவில்லை. களத்தில் மக்தலேனாவும் ஏழு பெண்களும் மட்டும் நின்றார்கள். மேலேயிருந்து கல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பன்னிரண்டே நாள் காய்ந்த கற்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏற்றுங்கள் என்று சொன்னது அவள்தான். உச்சி ஆறு வரிசை.

அந்த ஆறு வரிசை இப்போது காய்கிறது. காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் மேலே இருக்கிற கல் இறங்கும்.

"என்னா மண்ணக்கா, விடிஞ்சதும் விடியாததுமா கல்லுக்கு ஜோசியம் பாக்குறியா?"

தியேகோ படியேறி வந்துகொண்டிருந்தான். தெதெல்கோ ஊர்க்காரன், கல்தச்சன். மேஸ்திரி தொரிபியோவின் மச்சான். இடுப்பில் உளி, வாயில் மென்றுகொண்டே ஏதோ ஒன்று.

மக்தலேனா கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். "ஒன் கல்லுக்கு ஜோசியம் வேறயா. அதான் மூஞ்சியிலேயே எழுதியிருக்கே, தேளு."

கல்லின் முகத்தில் தெதெல்கோவின் தேள் அடையாளம் செதுக்கியிருந்தது. அவர்கள் தங்கள் கல் ஒவ்வொன்றிலும் அதைச் செதுக்கினார்கள்.

"எங்க தேளு ஆயிரம் வருஷம் நிக்கும். ஒங்க மண்ணு மாதிரியா? மழை பேஞ்சா ஆத்தோட போயிடும்."

"போகட்டும். அது போனாத்தான ஒன் தேளு எந்திரிச்சு நிக்குதா படுக்குதான்னு தெரியும்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மறுபக்கம் போகும்வரை கையை எடுக்கவில்லை.

பாய்களைச் சுமந்துகொண்டு இறங்கினாள். நூற்றெழுபது படியிலும் ஒரே கணக்குத்தான் ஓடியது. மடத்தில் ஒரு துணி இருக்கிறது. வேலைக்கு ஆள் தந்த ஊர்களின் அடையாளங்களை வண்ணத்தில் எழுதிய துணி. அதில் இருக்கிற ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. கெட்ட வேலை செய்த ஊரை அதிலிருந்து அழித்துவிடலாம் என்று எல்லா ஊர்த் தலைவர்களும் சம்மதித்திருந்தார்கள். ஷாமிகோவும் சம்மதித்திருந்தது. சொன்னால் தொட்டி போகும். சொல்லாவிட்டால் வளைவு போகலாம். வளைவு போனாலும் தொட்டி போகும். ஆனால் வளைவு நின்றுவிட்டால்?

ஒரு முடி அளவுதானே.

அடிவாரத்தில் பெண்கள் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். குட்டைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. பச்சையாக வடிந்தது. ஸ்பானியர்களின் மாடுகள் வந்த பிறகு குட்டைகள் எல்லாம் அப்படித்தான். மாடுகள் உள்ளேயே நிற்கும், உள்ளேயே எல்லாம் செய்யும். மக்தலேனாவின் மகன் மூன்று வயதில் அந்தத் தண்ணீரால்தான் போனான். இரண்டே நாள் வயிற்றுப்போக்கு.

தொரிபியோ சாந்துத் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ஐம்பது வயது. வெடித்துச் சிதறிய பாறை ஒன்றால் இடது காது கேட்காது. பேச்சும் குறைவு. சுண்ணாம்பில் சப்பாத்திக்கள்ளிச் சாற்றை ஊற்றி, விரலில் எடுத்து உரசிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதி பத்துக் கல். ஒரு பக்கத்துக்கு ஐந்து. அப்புறம் பூட்டுக்கல். இரண்டு நாளைக்கு ஒரு ஜோடி ஏற்றினால் சிலுவைத் திருநாளன்று பூட்டலாம். கொத்தனார்களுக்கு அதுதான் பெருநாள். அவர் போட்ட கணக்கு அது.

"நாளைக்கு அடுத்த ஜோடி" என்றார், அவளைப் பார்க்காமல். "சாந்து ரெண்டு விரல் கனம் போடப்போறேன். உச்சிக்கு அப்பத்தான் மெத்தை மாதிரி இருக்கும்."

அவள் வலது காதுப் பக்கமாகப் போய் நின்றாள்.

"போடாதீங்க அண்ணே."

"எதை?"

"சாந்தை. உச்சி ஆறு வரிசை ஈரக்கல்லு."

அவர் விரலிலிருந்த சாந்தைத் தொட்டியின் விளிம்பில் வழித்தார்.

"எத்தனை நாள் காஞ்சது?"

"பன்னெண்டு."

"தெரிஞ்சேவா ஏத்துனே?"

"தெரிஞ்சுதான். களத்துல எட்டுப் பொம்பளைங்க அண்ணே. ஒரு பக்கம் குழி வெட்டுறோம், ஒரு பக்கம் கல்லு வார்க்குறோம். நீங்க மேலேர்ந்து கல்லு கல்லுன்னு கத்துறீங்க. வேலை நின்னுச்சுன்னா ஷாமிகோ படுத்துருச்சும்பாங்கன்னு ஏத்திட்டேன்."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப ஒங்களுக்கு."

"எனக்கும்தான்" என்றான் தியேகோ. இறங்கி வந்து பின்னால் நின்றிருந்தான். "மாமா, கேட்டுக்கிட்டீங்களா? அதான் அங்க கையை வச்சு மூடிக்கிட்டு ஒக்காந்திருந்தா! சாமி! சாமி, இங்க வாங்க! இவளுங்க நம்ம தலையில ஈரமண்ணைக் கட்டி வச்சிருக்காளுங்க!"

அந்திரேஸ் சாமி பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார். கையில் ரொட்டி. பின்னால் நாய். அவர் இந்த மொழியைப் பெரிய வீட்டு மனிதர்களிடம் கற்றவர். அதனால் யாரையும் ஒருமையில் பேசத் தெரியாது.

"தியேகோ, கத்தாதீங்க. உக்காருங்க." நாய் அவர் காலை முகர்ந்தது. "நீங்களும் உக்காருங்க" என்றார் அதனிடம்.

தியேகோவே முழுவதையும் சொன்னான். சொல்லி முடித்து, "துணியை எடுங்க சாமி. அவங்க ஊரை அழிங்க. பேச்சு அதானே?" என்றான்.

சாமி மக்தலேனாவைப் பார்த்தார். "உண்மையா?"

"உண்மைதான் சாமி."

அவர் ரொட்டியை நாய்க்குப் போட்டுவிட்டார். "அப்ப பிரிச்சுடணும். உச்சிக் கல்லை எறக்கி, அந்த ஆறு வரிசையை எடுத்துட்டு, காஞ்ச கல்லு வச்சு..."

"காஞ்ச கல்லு கையில இல்ல சாமி" என்றாள் மக்தலேனா. "இன்னிக்கு வார்த்தாலும் நாப்பது நாளு."

"இன்னும் பத்து இருபது நாள்ல மழை" என்றான் தியேகோ. "நாப்பது நாள் கழிச்சு இங்க மலை இருக்காது. சேறு இருக்கும். மூணு வருஷம், மாமா! மூணு வருஷம்!"

தொரிபியோ எழுந்தார். மக்தலேனாவின் மேலாடையிலிருந்த முள்ளைக் கேட்டு வாங்கிக்கொண்டு படியேறினார். மூவரும் பின்னால் போனார்கள். நாயும் போனது.

உச்சியில் அவர் முள்ளைக் கோட்டில் விட்டார். பல இடத்தில் விட்டுப் பார்த்தார். தெற்குப் பக்கத்திலும் விட்டார். பிறகு மண்கல்லின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஈரக்கல்லு காஞ்சா எவ்வளவு கொறையும்?"

"நீளத்துலயா, ஒசரத்துலயா?"

"ஒசரம்."

"அச்சுல நாலு விரல். காஞ்சா ஒரு பூசணி விதை கனம் கொறையும்."

"எல்லாக் கல்லுமா?"

"எங்க மண்ணுல எல்லாக் கல்லும். கொறையலன்னா அது காயல. நாங்க அப்படித்தான் பாப்போம்."

இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். வறுத்த பூசணி விதை இருந்தது. கல்லின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக ஆறு விதைகளை அடுக்கினாள். காற்றுக்கு விழாமல் கையால் மறைத்தாள். ஒரு விரல் கனம்கூட இல்லை. நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். மூன்று வருட வேலை அந்த ஒரு விரலில் நின்றது.

தொரிபியோ முள்ளை அடுக்கின் பக்கத்தில் நிறுத்தி, கோட்டுக்குள் போன அளவையும் கோடு அகன்ற அளவையும் யோசித்தார். மேலேயிருந்து இரண்டு விதைகளை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"ரெண்டு போயிருச்சு. நாலு இருக்கு."

"எறங்க இன்னும் நாலு இருக்குன்னா சின்ன விஷயமா மாமா?"

"தியேகோ. ரெண்டாம் வருஷம் ஒரு சின்ன வளைவு விழுந்துச்சே, எப்ப விழுந்துச்சு?"

"மண்ணைக் கலைக்கும்போது."

"ஏன் விழுந்துச்சு?"

அன்று வடக்குப் பக்கம் கடப்பாரை போட்டவன் தியேகோதான். ஒரு பக்கத்து மண் முதலில் போனது. வளைவு அந்தப் பக்கமாக ஒருமுறை அசைந்தது. அவ்வளவுதான்.

"எத்தனை வளைவு கட்டியிருக்கோம். ஒவ்வொண்ணுலயும் எனக்குப் பயம் கல்லு ஏத்துறதுல இல்ல. மண்ணை எறக்குறதுலதான்" என்றார் தொரிபியோ. "ரெண்டு பக்கமும் ஒண்ணா எறக்கணும், மெதுவா எறக்கணும். மனுசன் கையால அது முடியாது. இந்த ஆறு வரிசை தானா எறங்குது. காத்து காயவைக்குது, ஒரு நாளைக்கு முடி அளவு, ரெண்டு பக்கமும் ஒண்ணா. தூங்குற புள்ளைய மடியிலேர்ந்து பாய்ல போடுற மாதிரி."

மக்தலேனா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆனா பூட்டுறதுக்கு முன்னாடி எறங்குனா விரிசல். பூட்டுனதுக்கு அப்புறம் எறங்குனா மண்ணு மட்டும் எறங்கும், வளைவு நிக்கும். தங்கச்சி, இந்த நாலு விதையும் எத்தனை நாள்ல போகும்?"

அவள் உதட்டை நனைத்துக் காற்றைப் பார்த்தாள். "இந்தக் காத்துக்குப் பத்து நாளு. மொத அஞ்சு நாள்ல ஒண்ணுதான் போகும், பாயைப் போத்தியே வச்சா. அப்புறம் தெறந்து விட்டா மடமடன்னு போயிடும்."

"அப்ப போத்தியே வையி. அஞ்சு நாளு. அதுக்குள்ள பூட்டுறோம்."

"பத்துக் கல்லா!" என்றான் தியேகோ.

"பதினொண்ணு. சாந்து கெடையாது. ஈரச் சாந்து ரெண்டு விரல் வச்சா நசுங்கும். இவ சொல்லலேன்னா நாளைக்கு அதைத்தான் வச்சிருப்பேன். கல்லோட கல்லு ஒக்காரணும். முள்ளு நுழையக் கூடாது."

சாமி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "எங்க நாட்டுல பெரிய பெரிய வளைவு இருக்கு, மேஸ்திரி. ரோமாபுரிக்காரங்க கட்டுனது. இப்படி யாரும் செஞ்சதா நான் கேட்டதில்லையே."

"ஒங்க நாட்டுல மரம் இருந்துச்சு சாமி."

சாமி பள்ளத்தைப் பார்த்தார். வடக்கே, குன்றுகளைச் சுற்றிச் சுற்றி வருகிற வெள்ளைக் கோடு தெரிந்தது. இன்னும் தண்ணீர் வராத கால்வாய்.

"செய்ங்க" என்றார். தியேகோவின் பக்கம் திரும்பினார். "வளைவு நிக்கட்டும், இல்ல விழட்டும். அப்புறம் துணியை எடுக்குறேன்."

கல்லை ஏற்றுவது பெரிய வேலை இல்லை. தேய்ப்பதுதான். ஒரு கல்லின் முகத்தை அடுத்த கல்லின் முகத்தோடு பொருத்தி, நடுவில் மணலும் தண்ணீரும் விட்டு, கயிறு கட்டி இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். ஒரு முகத்துக்கு அரை நாள். தெதெல்கோ ஆட்கள் போதவில்லை. ஷாமிகோவிலிருந்து எழுந்து நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். அம்மைத் தழும்பு ஆறாத முகங்கள். வந்ததும் கயிற்றைப் பிடித்தார்கள்.

மக்தலேனாவுக்கு எதிர்ப்பக்கம் தியேகோ வாய்த்தான்.

"மண்ணு பெசஞ்ச கை, கல்லைத் தேச்சா உரிஞ்சுடும்க்கா."

"உரியட்டும். நீ இழு. பேசும்போது கயிறு தொங்குது."

"தொங்குதா! நான் பொறந்ததுலேர்ந்து கல்லு இழுக்குறேன்."

"அதான் இன்னும் பொறந்த எடத்துலயே நிக்குது."

பக்கத்துக் கயிற்றுக்காரர்கள் சிரித்தார்கள். தியேகோவும் சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டான். மாலையில் அவள் உள்ளங்கை கிழிந்திருந்தது. அவன் கற்றாழை மடல் ஒன்றை உடைத்து அவள் பக்கம் எறிந்தான்.

மூன்றாம் நாள் இரண்டு கற்களைப் பொருத்திவிட்டு தொரிபியோ முள்ளைக் கேட்டார். எந்தப் பக்கம் வைத்தும் நுழையவில்லை. நாரை வைத்துப் பார்த்தார். அதுவும் நுழையவில்லை. இரண்டு கல் ஒரே கல்லாக இருந்தது. தேய்த்தவர்களை அழைத்துக் காட்டினார். அவர்கள் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்கள். இணைப்பு எங்கே என்று ஷாமிகோவின் கிழவர் ஒருவர் கேட்டார். தொரிபியோ தேடிக் காட்ட வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் பிற்பகலில் பூட்டுக்கல் ஏறியது. முன்பே இறங்கியிருந்த கடைசி ஜோடியை நெம்பித் தூக்கி அடியில் கல்சில்லு வைத்திருந்தார்கள். பூட்டுக்கல் அதன் இடத்தில் பாதிவரை இறங்கி நின்றது. தொரிபியோ மரச்சுத்தியலால் அடித்தார். தொப் என்றது. இன்னொரு அடி. தொப். வலது காதைக் கல்லோடு வைத்துக்கொண்டு அடித்தார். ஏழாவது அடியில் சத்தம் மாறியது. ணங் என்று ஒரு ஒலி எழுந்து, கல்லுக்குக் கல் தாவி, இரண்டு பக்கத் தூணுக்கும் இறங்கியது. வடக்குத் தூணடியில் நின்றவன், "இங்க கேட்டுச்சு!" என்று கத்தினான். தெற்கேயிருந்தும் கத்தினார்கள்.

தொரிபியோ சுத்தியலை வைத்துவிட்டார். அதற்கு மேல் ஒரு அடிகூட அடிக்கவில்லை.

"பாயை எடுங்க" என்றார்.

மக்தலேனா எடுத்தாள். காற்று மண்ணின் மேல் பாய்ந்தது.

அடுத்த ஐந்து நாளும் காலையில் முதலில் மேலே ஏறியது அவள்தான். இப்போது கற்களுக்கு நடுவில் பார்க்கவில்லை. கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் பார்த்தாள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பூட்டுக்கல்லுக்கு அடியில் முள்ளின் நுனி நுழைந்தது. நாலாம் நாள் முழு முள்ளும் நுழைந்தது. கற்களுக்கு இடையே எங்கும் கோடு இல்லை. வளைவு மண்ணோடு இறங்கவில்லை. மண் மட்டும் இறங்கியது. அல்லது அப்படித் தெரிந்தது. உள்ளே நாலு முழ ஆழத்தில் என்ன நடக்கிறதென்று முள்ளுக்குத் தெரியாது. நடுவில் எங்காவது ஒரு கல் இன்னும் மண்ணில் சாய்ந்திருந்தால், கலைக்கும்போது அது முதலில் வரும். மற்றவை பின்னால் வரும்.

ஐந்தாம் நாள் தெற்கே மேகம் கட்டியது.

சிலுவைத் திருநாளன்று ஒவ்வொரு குழுவும் காகிதப்பூவும் சாமந்தியும் சுற்றிய மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு வந்தது. சாமி பூசை வைத்தார். கற்றாழைக் கள் பானைகள் நிழலில் இருந்தன. யாரும் தொடவில்லை. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மக்தலேனா வளைவின் மேற்கு முகத்தில், உச்சிக்குக் கீழே மண்விளிம்பில் முழங்காலிட்டுக் கன்னத்தை மண்ணில் வைத்தாள். சூரியன் எதிர்ப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில், அந்த முகத்திலிருந்து இந்த முகம் வரை, ஒரு நூல் அகலத்துக்கு வெளிச்சம் வந்தது. அவள் கண்ணில் விழுந்தது.

"அண்ணே."

தொரிபியோ வந்து பார்த்தார். தியேகோவும் குப்புறப் படுத்துப் பார்த்தான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"நார் கொண்டா" என்றார் தொரிபியோ.

நீளமாக முறுக்கிய கற்றாழை நாரை ஒரு நாணல் குச்சியில் கட்டி இடைவெளிக்குள் தள்ளினாள். எதிர்முகத்தில் தியேகோ அதைப் பிடித்தான். நாரை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு இருவரும் பூட்டுக்கல்லிலிருந்து வடக்கே நகர்ந்தார்கள். ஒரு கல் தாண்டியது. இரண்டாவது. மூன்றாவது. நார் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து கல்லும் தாண்டியது. திரும்பி வந்து தெற்கே நகர்ந்தார்கள். முதல் கல். இரண்டாவது. மூன்றாவதில் நார் நின்றது.

மக்தலேனா மெதுவாக இழுத்தாள். வரவில்லை.

கீழேயிருந்து யாரோ என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

"கல்லு ஒக்காந்திருக்கு" என்றான் தியேகோ எதிர்ப்பக்கத்திலிருந்து. அவன் குரலில் கேலி இல்லை.

"இரு" என்றாள். நாணலை உள்ளே விட்டுத் தடவினாள். நுனியில் ஏதோ தட்டியது. மேலே கல் வழவழப்பாக இருந்தது. தடுத்தது கீழே, மண்ணில். விரிந்த வைக்கோல். அவள் மிதித்துச் சேர்த்த வைக்கோல்தான், சுருங்கிய மண்ணை விட்டு நிமிர்ந்து நின்றது. நாணலால் சுரண்டினாள். ஒரு பொடி உதிர்ந்தது.

"இப்ப இழு."

நார் போனது. நாலாவது கல். ஐந்தாவது.

தியேகோ அந்தப் பக்கத்தில் எழுந்து நின்றான். வளைவின் முதுகில் ஏறி, பூட்டுக்கல்லின் மேல் போய் நின்று, இரண்டு காலாலும் குதித்தான். பிறகு கீழே குனிந்து கத்தினான்: "நிக்குது! மண்ணைத் தொடாமலே நிக்குது! ஏ, கேக்குதா? மண்ணை யாரும் எறக்கல, அதுவா எறங்கிடுச்சு!"

பள்ளம் முழுவதும் சத்தம் எழுந்தது. சங்கு ஊதினார்கள். நாய் குரைத்தது. சாமி அதை அடக்கவில்லை. அவர் கை இரண்டும் தலைமேல் இருந்தன. அத்தனை எடை, அத்தனை உயரம், அடியில் ஒரு நூல் வெளிச்சம். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தூறல் விழுந்தபோது எல்லோரும் அடிவாரத்துப் பந்தலில் இருந்தார்கள். மண்மலையின் முகத்தில் கரும்புள்ளிகள் விழுந்தன. இனி நனையலாம்.

மடத்துத் துணி மேசைமேல் விரிந்திருந்தது. தேள், கேடயம், மலர் என்று ஊர்களின் அடையாளங்கள். ஓரத்தில் ஒரு சதுரக் கல்லும் அதன்மேல் ஒரு கையும். ஷாமிகோ. பக்கத்தில் தூரிகை இருந்தது. தெதெல்கோவின் தலைவர் அதைப் பார்த்தார். ஈரக்கல் ஈரக்கல்தான், பேச்சு பேச்சுதான் என்றார். தியேகோ தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாமி தூரிகையை எடுத்தார். எங்கேயும் வைக்கவில்லை.

"மேஸ்திரி, நீங்க சொல்லுங்க. கெட்ட வேலையா, நல்ல வேலையா?"

தொரிபியோ துணியைப் பார்க்கவில்லை. மழைக்குள், தெற்கே, அடுத்த இரண்டு தூண்களுக்கு நடுவில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மக்தலேனாவின் பக்கம் வலது காதைத் திருப்பினார்.

"அந்த வளைவு இதைவிட ரெண்டு ஆள் அகலம் கம்மி. அதுக்கு உச்சியில ஈரக்கல்லு எத்தனை வரிசை வைக்கணும், தங்கச்சி?"